ஷீராஸ் முறைப்படி புத்திமதி: சொல்லவும் கேட்கவும் தப்பிக்கவும்

புத்திமதி சொல்லும் வயது வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நீங்கள் "அந்தக் காலத்திலே..." என்று தொடங்கியதும் எதிரில் இருப்பவர் செல்போனை எடுத்துப் பார்த்தால், வந்துவிட்டது. இனி உங்களுக்குத் தேவை நல்ல சரக்கு. சொந்த அனுபவத்திலிருந்து எடுத்து விடலாம் என்றால், அதன் லட்சணம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். குறளை எடுக்கலாம் என்றால், முதல் சீரை நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஏழாவது சீரை எதிராளி சொல்லிவிடுவான்; மதிப்பெண்ணுக்காகப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் அவன். யாரும் குறுக்கே பாயாத சரக்காக வேண்டும். பாரசீகக் கவிதையை விட்டால் வேறு கதியில்லை.

பாரசீகக்காரர்கள் புத்திமதியைத் தொழிலாகவே நடத்தினார்கள். ராஜாவுக்கு, ராஜா மகனுக்கு, மந்திரிக்கு, துறவிக்கு, வாத்தியாருக்கு என்று தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஷீராஸ் நகரத்து ஸஅதி 1257-இல் ‘போஸ்தான்’ என்று ஒரு செய்யுள் நூலும், மறு வருடமே ‘குலிஸ்தான்’ என்று உரைநடையும் செய்யுளும் கலந்த கதை நூலும் எழுதினார். அதற்குப் பிறகு போஸ்னியாவிலிருந்து வங்காளம் வரை பாரசீகம் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் குலிஸ்தான்தான் பாடப்புத்தகம். 1800-இல் கல்கத்தாவில் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கிழக்கிந்தியக் கும்பினியின் இளம் உத்தியோகஸ்தர்களும் வியர்க்க வியர்க்க அதைப் படித்தார்கள். 1837 வரை கும்பினிக் கச்சேரிகளில் பாரசீகம்தான் நடந்தது. குடிகளைச் சுரண்டும் அரசன் கெட்டுப்போவான் என்கிற கதைகளைப் படித்துத் தேர்வும் எழுதிவிட்டு, நேரே வரி வசூலுக்குப் போனார்கள்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நல்லவராவது எப்படி என்று இந்தக் கவிஞர்களிடம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். பல்லுள்ளவனிடம் போய் நல்லதைச் சொல்லிவிட்டு முழு உடம்போடு வீடு திரும்புவது எப்படி என்பதில்தான் அவர்கள் விற்பன்னர்கள். இந்தக் கையேடும் அதோடு நிற்கும்.

சரக்கு எடுக்கும் இடம்

வாட்ஸ்அப்பில் வரும் ரூமியை நம்பிக் கடை திறக்காதீர்கள். சூரியோதயப் படத்தின்மேல் இதயம், ஒளி, சிறகு, மௌனம் என்ற நான்கில் மூன்றேனும் இருந்து, கீழே ரூமி என்றும் போட்டிருந்தால், கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்ற ரூமி, பாரசீகம் தெரியாத கோல்மன் பார்க்ஸ் என்ற கவிஞர் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு புதிதாக எழுதியது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கொன்யாவில் 1273-இல் இறந்த மௌலானா ஜலாலுத்தீன் ரூமி மார்க்கச் சட்டத்தில் ஊறிய அறிஞர், அதோடு ஊர் வம்பும் தெரிந்த கதைசொல்லி. அசலா போலியா என்று பார்க்க எளிய சோதனை: கழுதை வருகிறதா? காஜி வருகிறாரா? கடைசியில் யாராவது அடி வாங்குகிறார்களா? மூன்றும் இருந்தால் பெரும்பாலும் அசல்.

‘மஸ்னவி’ 6 பாகம், ஏறக்குறைய 25,000 ஈரடிகள். அதில் சில கதைகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க முடியாது. 1925-க்கும் 1940-க்கும் இடையே முழு நூலையும் பதிப்பித்து ஆங்கிலத்திலும் தந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கல்சன், அந்த இடங்கள் வந்தால் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு லத்தீனுக்குத் தாவிவிடுவார். ஞானம் ஒரு சொட்டு குறையாமல் வேண்டும் என்பவர்கள் லத்தீன் வகுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம்.

உமர் கய்யாம்? அவரைக் கவிமணி தமிழுக்குக் கொண்டுவந்தாயிற்று, அதுவும் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாக. கய்யாமிடம் கணக்குக் கேளுங்கள், வானநூல் கேளுங்கள். 1079-இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்தவர்களில் அவர் ஒருவர். அவர் பெயரில் உலவும் நாலடிகளிலிருந்து புத்திமதி எடுத்தால் ‘குடி’ என்ற ஒன்றுதான் தேறும். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது.

மேலிடத்துக்குச் சொல்வது

குலிஸ்தானில் 8 அதிகாரம். முதலாவது அரசர்களின் நடத்தை. அதன் முதல் கதையில் ஓர் அரசன் கைதி ஒருவனைக் கொல்லச் சொல்கிறான். இனி போவதற்கு உயிரைத் தவிர ஒன்றுமில்லை என்று ஆனதும், கைதி தன் மொழியில் அரசனைக் கண்டபடி ஏசுகிறான். என்ன சொல்கிறான் என்று அரசன் கேட்க, நல்ல மனசுள்ள மந்திரி ஒருவர், கோபத்தை அடக்கி மன்னிப்பவர்களைப் போற்றுகிறான் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறார். அரசன் இளகி விடுதலை செய்கிறான். இன்னொரு மந்திரிக்குப் பொறுக்கவில்லை. அரசர் சமூகத்தில் பொய் பேசலாகாது, இவன் தங்களைத் திட்டத்தான் செய்தான் என்று போட்டுக்கொடுக்கிறார். அரசன் முகம் சுளித்து, அந்தப் பொய் ஒருவனைக் காப்பாற்றச் சொன்னது, உன் உண்மை கெடுக்கச் சொன்னது, எனக்கு அதுவே மேல் என்று இவர் வாயை அடைத்துவிடுகிறான்.

வள்ளுவரும் பொய்க்கு இப்படி ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் வாசலுக்கு அருகிலேயே மந்திரியை நிறுத்தி, பயிற்சியும் கொடுத்தது ஸஅதிதான். உங்கள் அலுவலகத்தில் இதைச் செய்து பார்க்க விரும்பினால் மூன்று நிபந்தனை: ஏசுகிறவன் பேசும் மொழி மேலதிகாரிக்குத் தெரியக் கூடாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த மொழி தெரிந்த இரண்டாவது ஆள் பக்கத்தில் நிற்கிறாரா என்று முதலில் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு ஸஅதியைச் சந்தர்ப்பவாதி என்று பழித்தவர்கள் உண்டு. அவர்கள் ஆண்டைக் கவனிக்க வேண்டும். குலிஸ்தான் முடிந்த அதே 1258-இன் தொடக்கத்தில்தான் ஹுலாகுவின் மங்கோலியப் படை பாக்தாதைச் சூறையாடிக் கலீபா முஸ்தஸிமைக் கொன்றது. ஸஅதி இளமையில் படித்தது அந்த பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில். கலீபாவுக்காக இரங்கற்பாவும் பாடினார். ஷீராஸ் தப்பியது. ஏன் தப்பியது? அதை ஆண்ட அத்தாபேகுகள் மங்கோலியர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உயிரை விலை கொடுத்து வாங்கிய ஊரில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் இது. உயிர் காக்கும் பொய்க்கு முதல் கதையிலேயே இடம் கொடுத்தது பற்றி அந்த ஊரில் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, நேரம் பார்ப்பது. மனிதர்கள் எல்லோரும் ஓர் உடம்பின் உறுப்புகள், ஒன்றுக்கு வலித்தால் மற்றதற்கும் வலிக்கும் என்ற கருத்தில் ஸஅதி பாடியது உலகப் புகழ் பெற்றது. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்துக்கு ஈரான் கொடுத்த கம்பளத்தில் அதை நெய்திருக்கிறார்கள். 2009-இல் அமெரிக்க அதிபர் ஒபாமா ஈரானியர்களுக்குச் சொன்ன புத்தாண்டு வாழ்த்திலும் அது வந்தது. கம்பளத்தில் வராத முன்கதை ஒன்று இருக்கிறது. ஸஅதி டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில், யஹ்யா நபியின் அடக்கத்தலத்தருகே தியானத்தில் இருக்கிறார். கொடுங்கோலன் என்று பேர் வாங்கிய ஓர் அரபு அரசன் அங்கே வந்து தொழுதுவிட்டு, பலசாலியான எதிரி ஒருவனால் எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ஸஅதியிடம் கேட்கிறான். எளிய குடிகளிடம் இரக்கம் காட்டு, வலிய எதிரியால் துன்பம் வராது என்கிறார் ஸஅதி. உடம்பும் உறுப்பும் பற்றிய பாட்டு அதையொட்டித்தான் வருகிறது.

அரசன் சிம்மாசனத்தில் இருக்கும்போது இதைச் சொல்லவில்லை, பாருங்கள். பயந்துபோய், தானாக வந்து, கையேந்தி நிற்கும்போது சொன்னார். உங்கள் மேலதிகாரிக்கு மனிதநேயம் பற்றி எடுத்துச் சொல்ல நாள் பார்க்கிறீர்களா? தணிக்கைக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை உத்தமம்.

எப்போதோ செத்துப்போன அரசனைப் புகழ்வதும் நல்ல உபாயம். நீதிக்குப் பேர்போன நௌஷெர்வான் வேட்டைக்குப் போன இடத்தில், இறைச்சி வாட்டும்போது உப்பில்லை. கிராமத்துக்கு ஓடும் ஆளிடம், காசு கொடுத்து வாங்கி வா, ஓசியில் வாங்குவது வழக்கமாகிவிட்டால் ஊர் பாழாகும் என்கிறான். இத்தனூண்டு உப்பில் என்ன கெட்டுவிடும் என்று கூட இருந்தவர்கள் கேட்கிறார்கள். உலகத்தில் கொடுமைக்கு அஸ்திவாரம் முதலில் சின்னதாகத்தான் போடப்பட்டது, வந்தவன் ஒவ்வொருவனும் மேலே கொஞ்சம் கட்டினான் என்கிறான் அரசன். அரசன் குடியானவன் தோட்டத்தில் ஓர் ஆப்பிள் பறித்தால் அவன் ஆட்கள் மரத்தையே வேரோடு பிடுங்குவார்கள் என்று ஸஅதி தன் பங்குக்குச் சேர்க்கிறார். ஆட்சி நிர்வாகம் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அரசன் மேல் ஒரு தூசுகூட விழவில்லை என்பதையும் கவனியுங்கள். பெருமை நௌஷெர்வானுக்கு, உறுத்தல் மட்டும் இவனுக்கு.

எல்லாம் மிஞ்சிப்போய் நேரடியாக மாட்டிக்கொண்டால், ஷீராஸ் கவிஞர் ஹாஃபிஸின் வழி. காதலியின் கன்னத்து மச்சத்துக்காக சமர்கந்தையும் புகாராவையும் கொடுத்துவிடுவதாக அவர் பாடியிருந்தார். அந்த இரண்டும் தைமூரின் ஊர்கள். 1387-இல் தைமூர் ஷீராஸைப் பிடித்தபோது கவிஞரை வரவழைத்து, நான் எத்தனையோ நாடுகளை அழித்து அலங்கரித்த நகரங்களை நீ ஒரு மச்சத்துக்குத் தூக்கிக் கொடுப்பாயா என்று உறுமினானாம். கந்தலுடையில் நின்ற ஹாஃபிஸ், இப்படி வாரி வாரிக் கொடுத்துத்தானே ஐயா இந்த நிலைக்கு வந்தேன் என்றாராம். பரிசு கொடுத்து அனுப்பினான் என்று கதை முடிகிறது. நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் செய்முறை சரி: குற்றச்சாட்டை மறுக்காதீர்கள், உடனே ஒப்புக்கொண்டு, அதனால் கெட்டது நீங்கள்தான் என்று நிரூபியுங்கள். இதற்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது.

வேண்டாதவர்களை வழியனுப்புவது

வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வேலை ஓடவில்லை என்பவர்களுக்கு குலிஸ்தானில் கைகண்ட மருந்து இருக்கிறது. ஒரு சீடன் தன் குருவிடம் இதே முறையீட்டோடு போகிறான். குரு சொன்னார்: வருகிறவர்களில் ஏழைகளுக்குக் கடன் கொடு, பணக்காரர்களிடம் கடன் கேள், இரண்டு வகையும் திரும்பி வராது. எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்த மருந்தின் வீரியம் குறையவில்லை. ஒரே பக்கவிளைவு, முதல் வகைக்குக் கொடுத்த பணமும் திரும்பி வராது.

குரல் சகிக்காத பாடகர்களுக்கு வேறு முறை. ஒரு பள்ளிவாசலில் கூலி வாங்காமல் தானாக வந்து பாங்கு சொல்கிறான் ஒருவன், கேட்பவர்கள் ஓடுகிறார்கள். பள்ளிவாசலுக்குப் பொறுப்பான பிரபு அவன் மனம் நோகக் கூடாதென்று, இங்கே பழைய ஆட்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு 5 தினார் கொடுக்கிறேன், உனக்கு 10 தருகிறேன், வேறு ஊருக்குப் போ என்கிறார். போனான். கொஞ்ச நாளில் திரும்பி வந்து, நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள், போன ஊரில் வேறிடம் போகச் சொல்லி 20 கொடுக்கிறார்கள், நான்தான் சம்மதிக்கவில்லை என்கிறான். பிரபு விழுந்து விழுந்து சிரித்து, சம்மதித்துவிடாதே, 50 வரைக்கும் ஏறுவார்கள் என்கிறார். இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. அவனுக்குக் கடைசிவரை விஷயம் புரியவும் இல்லை. உள்ளூர் மேடைகளில் கணீரென்று பாடும் யாராவது உங்கள் உறவில் இருந்தால், குடும்பத்தார் கூடி ஒரு நிதி திரட்டி வைப்பது நலம்.

சொந்த அனுபவம்

அனுபவத்திலிருந்து பேசினால்தான் எடுபடும் என்று சொல்கிறார்கள். உண்மை. ஆனால் அந்த அனுபவம் நடந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸஅதி தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். டமாஸ்கஸ் நண்பர்கள் மேல் சலிப்பு வந்து ஜெருசலேம் பக்கத்துப் பாலைவனத்தில் அலைகிறார். சிலுவைப் போர்க்காரர்களான ஃபிராங்குகள் பிடித்துக்கொண்டுபோய், திரிப்போலியில் அகழி தோண்டுகிற மண்வேலையில் போட்டுவிடுகிறார்கள். அலெப்போ நகரத்துப் பெரியமனிதர் ஒருவர், முன்பே பழக்கமுள்ளவர், பார்த்துப் பரிதாபப்பட்டு 10 தினார் கொடுத்து மீட்கிறார். வீட்டுக்கு அழைத்துப்போய், 100 தினார் மஹர் என்று பேசித் தன் மகளையும் கட்டிவைக்கிறார். அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம். ஒருநாள் சண்டையில், எங்கள் அப்பா ஃபிராங்குகளிடமிருந்து 10 தினாருக்கு வாங்கி வந்த ஆள்தானே நீ என்று குத்திக்காட்டுகிறாள். ஆமாம், 10 தினாருக்கு வாங்கினார், 100 தினாருக்கு உன்னிடம் அடைத்துவிட்டார் என்கிறார் இவர்.

ஸஅதியின் பயணக் கதைகள் பலவற்றை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. காஷ்கர் போனேன், சோமநாத்தில் கோயிலுக்குள் புகுந்து விக்கிரகம் கையசைக்கும் ரகசியத்தைக் கண்டுபிடித்தேன் என்றெல்லாம் அவர் சொல்வது விவரங்களில் ஒட்டவில்லை. அகழி வெட்டியதும் அப்படியோ என்னவோ. போகட்டும், கதையில் தோற்றுப்போனவர் யார் என்பதுதான் முக்கியம். பிடிபட்டவர் அவர், விலைபோனவர் அவர், பெண்டாட்டியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவரும் அவர். புத்தி சொல்பவன் முதலில் தன்னை ஓர் இடத்தில் சறுக்கி விழ வைக்கிறான். கேட்பவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்கிறான். நம் ஆட்கள் அறிவுரைக் கூட்டங்களில் தாம் வென்ற கதையையே சொல்கிறார்கள். கூட்டம் கலைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நோயாளியைப் பார்க்கப் போவது

மஸ்னவியின் முதல் பாகத்தில் காது கேளாத ஒருவர் வருகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிகிறது. போகாமல் இருக்க முடியாது, போனால் பேச்சு கேட்காது. நோயாளியின் உதடு அசைவதைப் பார்த்து, இன்னதுதான் சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம் என உரையாடலை முன்கூட்டியே தயார் செய்துகொள்கிறார். எப்படி இருக்கிறீர்கள் என்றால், பரவாயில்லை என்பார். இறைவனுக்கு நன்றி என்று சொல்ல வேண்டியது. என்ன சாப்பிட்டீர்கள் என்றால், சர்பத்து என்பார். உடம்புக்கு ஆகட்டும் என்பது. எந்த வைத்தியர் என்றால், ஏதாவது பெயர் சொல்வார். அவர் கைராசிக்காரர், கால் வைத்த இடம் விளங்கும் என்று முடிப்பது.

நடந்தது இது. எப்படி இருக்கிறீர்கள்? செத்துக்கொண்டிருக்கிறேன். இறைவனுக்கு நன்றி. என்ன சாப்பிட்டீர்கள்? விஷம். உடம்புக்கு ஆகட்டும். வைத்தியர் யார்? எமனை ஒத்த இஸ்ராயில். ஆகா, கால் வைத்த இடம் விளங்கும், சந்தோஷமாக இருங்கள். நோயாளி கொதித்துப்போகிறார். அண்டைவீட்டுக் கடமையைச் செவ்வனே செய்த திருப்தியில் இவர் வீடு திரும்புகிறார்.

இதைப் பயில உங்களுக்குக் காது மந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் போய், படுத்திருப்பவர் வாய் திறக்கும் முன்பே இணையத்தில் படித்த மருந்தைச் சொல்லி, நம்ம சித்தப்பாவுக்கும் இதேதான் வந்தது என்று ஆரம்பித்து அவர் முடிவையும் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

பிள்ளைகளுக்குச் சொல்வது

இதற்கு ஸஅதியை விடுங்கள். அவருக்கும் ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்னால், காஸ்பியன் கடலோரத்தில் சிறு ராஜ்யம் ஆண்ட ஸியாரித் வம்சத்துக் கைகாவூஸ், 1082-இல் தன் மகன் கீலான்ஷாவுக்காக ‘காபூஸ்நாமா’ எழுதினார். நூல் உரைநடைதான், இடையிடையே செய்யுள் வரும். 44 அதிகாரம். குளிப்பது, தூங்குவது, விருந்தினரைக் கவனிப்பது, வீடு வாங்குவது, குதிரைக்குப் பல் பார்த்து வாங்குவது, சொக்கட்டான் ஆடுவது, வைத்தியனாவது, கவிஞனாவது என்று ஒன்றையும் விடவில்லை. பையன் சிம்மாசனத்தை இழந்தாலும் ஏதாவது தொழில் செய்து பிழைக்கட்டும் என்ற தகப்பன் கவலை வரிக்கு வரி தெரியும். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும். தொடக்கத்திலேயே, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்பன் பேச்சைக் கேட்பதில்லை என்பது தெரியும், ஆனாலும் சொல்வது என் கடமை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

குடி பற்றிய அதிகாரம் இதற்கு உச்சம். குடி என்றும் சொல்ல மாட்டேன், குடிக்காதே என்றும் சொல்ல மாட்டேன். வாலிபர்கள் யார் சொல்லியும் விடுவதில்லை, எனக்கும் நிறையப் பேர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை, ஐம்பது வயதுக்குமேல் ஆண்டவன்தான் புத்தி கொடுத்தான் என்கிறார். அப்புறம் காரியத்துக்கு வருகிறார்: இன்னும் இரண்டு மூன்று கிண்ணத்துக்கு இடம் இருக்கும்போதே எழுந்துவிடு, சாயங்காலம் தொடங்கு, போதை ஏறும்போது இருட்டிவிடும், ஊர் பார்க்காது. 44 அதிகாரமும் கையில் இருந்தும் கீலான்ஷாவோடு அந்த வம்சம் முடிந்துபோனது. புத்தகம் மட்டும் இன்றும் அச்சில் இருக்கிறது.

ஒழுங்கான பிள்ளை வாய்த்திருந்தால் அதற்கும் மருந்து வேண்டும். சிறுவன் ஸஅதி ஓர் இரவு முழுக்கக் கண்விழித்துக் குர்ஆன் ஓதிக்கொண்டு அப்பா பக்கத்தில் இருக்கிறான். சுற்றிலும் எல்லோரும் தூங்குகிறார்கள். ஒருத்தர்கூட எழுந்து தொழவில்லையே, பிணம்போலக் கிடக்கிறார்களே என்கிறான். பிறரைப் புறம்பேசுவதற்கு நீயும் தூங்கியிருக்கலாம், மகனே என்கிறார் அப்பா. காலை ஐந்து மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி போய்விட்டு அதை ஊருக்கெல்லாம் அறிவிப்பவர்கள் குளியலறைக் கதவில் இந்தக் கதையை ஒட்டிக்கொள்ளலாம்.

சுயமுன்னேற்றம் தேடுபவர்களுக்கு ரூமியின் கஸ்வீன்காரன். முதுகில் சிங்கம் பச்சை குத்திக்கொள்ளப் போகிறான். ஊசி இறங்கியதும், எந்த இடம் போடுகிறாய்? வால். வால் வேண்டாம். அடுத்து? காது. காதும் வேண்டாம். வயிறு? அதையும் விடு. பச்சை குத்துபவன் ஊசியை விட்டெறிந்து, வாலும் தலையும் வயிறும் இல்லாத சிங்கத்தை யார் பார்த்தது என்கிறான். ஜனவரி முதல் வாரத்தில் உடற்பயிற்சிக்கூடங்களில் இந்தச் சிங்கத்தைப் பார்க்கலாம்.

கூலி

முன்பணம் வாங்குங்கள். ஃபிர்தௌஸி ஏறக்குறைய 50,000 ஈரடியில் ‘ஷாநாமா’வை 1010-இல் முடித்து, கஜினி மஹ்மூதின் தர்பாருக்குக் கொண்டுபோனார். கிடைத்தது 20,000 வெள்ளித் திர்ஹம் என்கிறார், அடுத்த நூற்றாண்டில் எழுதிய நிஜாமி அரூஸி. கவிஞர் நேரே குளியல் கூடத்துக்குப் போய்க் குளித்து, ஒரு பானம் வாங்கிக் குடித்துவிட்டு, பணத்தைக் குளிப்பாட்டியவனுக்கும் பானக்காரனுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாராம். பல காலம் கழித்துச் சுல்தானுக்கு மனம் உறுத்தி, 60,000 பொன் தினார் மதிப்புள்ள அவுரிச் சாயத்தை ஒட்டகங்களில் ஏற்றி அனுப்ப, அவை தூஸ் நகரத்தின் ஒரு வாசலில் நுழையும்போது மறு வாசலில் கவிஞரின் பிரேதம் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். மேலிடத்திலிருந்து பாக்கி எப்போது வரும் என்பதில் மட்டும் அரூஸி சொன்னது தப்பவில்லை.

கேட்பது

சொல்வதே பாடு, கேட்பது அதைவிடப் பாடு என்பவர்கள் ஹாஃபிஸிடம் ஃபால் பார்க்கலாம். ஈரானில் யல்தா என்கிற நீண்ட குளிர்கால இரவில் குடும்பமாக உட்கார்ந்து, மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு அவருடைய கவிதைத் தொகுப்பான திவானைக் கண்ட பக்கத்தில் திறப்பார்கள். வந்த கஜல்தான் பதில். ஷீராஸில் சின்னப் பறவையை வைத்துக்கொண்டு சீட்டெடுக்க விடுபவர்களும் உண்டு, நம்மூர்க் கிளி ஜோசியம் மாதிரியே. கஜலில் ஈரடி ஒவ்வொன்றும் தனியே நிற்கக்கூடியது, காதலியா கடவுளா சுல்தானா என்று கடைசிவரை சொல்லாதது. ஆகவே கல்யாணம், கடன், விசா எதற்கும் பொருந்தும். பதில் பிடிபடாவிட்டால் அடுத்த கஜலைச் சாட்சியாகப் பார்க்க விதி இருக்கிறது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஹாஃபிஸுக்குக் கோபம் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பார்கள்.

எல்லாம் அலுத்துப்போனால்

புத்திமதிக் கையேடுகளைக் கேலி செய்யும் கையேட்டையும் பாரசீகத்தில் முன்பே எழுதிவிட்டார்கள். நான் செய்வது இரண்டாந்தரம். ஹாஃபிஸ் காலத்து ஷீராஸில் வாழ்ந்த உபைத் ஸாகானி, 1340-இல் ‘அக்லாக் அல்-அஷ்ராஃப்’ என்ற பெயரில் பெரியமனிதர்களின் ஒழுக்கத்தை 7 அதிகாரமாக வகுத்தார். ஞானம், வீரம், கற்பு, நீதி, கொடை என்று ஒவ்வொரு குணத்துக்கும் முதலில் பழைய விதி, அது ரத்து. பிறகு நடப்பு விதி. வீரத்தில் நடப்பு விதி, போர்க்களத்துக்குப் போகாதே என்பது. கொடையில், கொடுத்துக் கெட்ட குடும்பங்களைப் பார்த்துப் பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள் என்பது.

நீதி அதிகாரத்தில் ஒரு சரித்திரமும் சொல்கிறார். ஹுலாகு பாக்தாதைப் பிடித்ததும், வாளுக்குத் தப்பியவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு கூட்டத்தாரும் என்ன தொழில் என்று விசாரித்தானாம். கைவினைக்காரர்கள் இல்லாமல் உலகம் நடக்காது, போய் வேலையைப் பாருங்கள் என்றான். வியாபாரிகளுக்கு முதல் கொடுத்தான். பிறகு காஜிகள், ஷெய்குகள், சூஃபிகள், உபதேசிகள், கவிஞர்கள் வந்தார்கள். இவர்கள் பூமிக்கு அதிகப்படி, ஆண்டவன் கொடுத்ததை வீணே தின்பவர்கள் என்று சொல்லி எல்லோரையும் டைக்ரிஸில் மூழ்கடிக்கச் சொன்னான். அதனால்தான் அவன் வம்சம் தலைமுறை தலைமுறையாக ஆண்டது. கடைசியில் வந்த அபூ சயீது நீதி கீதி என்று தொடங்கினான், வம்சமே அற்றுப்போனது என்று நெஞ்சில் கைவைத்து எழுதுகிறார் உபைத். அபூ சயீது 1335-இல் வாரிசில்லாமல் இறந்து, ராஜ்யம் சிதறி, ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. இதைப் படித்தவர்கள் அங்கங்கே சிதறிய ராஜ்யத்தின் துண்டுகளில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

ஆகவே, இந்தக் கையேட்டைக் கரைத்துக் குடித்துப் புத்திமதித் தொழிலில் இறங்குபவர்களுக்குப் பாதுகாப்புக் குறிப்பு: ஊருக்குள் புதிதாகப் படை நுழைந்து, வரிசையில் நிறுத்தி, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். நெசவு என்று சொல்லுங்கள். தறியைக் கொண்டுவந்து வைத்து, நெய்து காட்டு என்று கேட்கக்கூடியவர்கள்; நாலு முழமாவது இப்போதே நெய்யப் பழகிக்கொள்ளுங்கள்.